பார்த்ததைச் சொல்லும் வேலை: மருத்துவமனையில் பிசியோதெரபி உதவியாளர்

பிசியோதெரபிஸ்ட் ஒரு நோயாளியிடம் பத்து நிமிடம் நின்றால், உதவியாளர் அதே நோயாளியோடு அரைமணி நேரம் இருப்பார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காலை ஓ.பி. நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு நாற்காலியில் கைக்கு மெழுகு, பக்கத்துக் கட்டிலில் இடுப்புக்கு ஒத்தடம், பேரலல் பாருக்கு நடுவே வாதம் வந்த பெரியவர், வாசலில் சக்கர நாற்காலியில் இன்னும் இரண்டு பேர். இத்தனை பேருக்கும் ஒரே பிசியோதெரபிஸ்ட். அவர் பார்க்க முடியாத நேரமெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஆகவே இந்த வேலைக்குக் கைபலம் வேண்டும் என்பது பாதி உண்மை. கண்ணில் பட்டதைக் கவனிப்பதும், கவனித்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உரியவரிடம் சொல்வதும்தான் மீதிப் பாதி. புதிதாக வருபவர்கள் முதல் பாதியைச் சில வாரங்களில் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவது பாதியை யாராவது எடுத்துச் சொன்னால்தான் கற்கிறார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எது உங்கள் வேலை

நோயாளியைப் பரிசோதிப்பது, என்ன சிகிச்சை, எத்தனை நாள், எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது ஆகியவை பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. அவர் வகுத்த பயிற்சியைச் செய்ய வைப்பது, நோயாளியைத் தயார்படுத்துவது, எழுப்பி உட்கார வைப்பது, நடக்கும்போது கூடவே போவது, கருவிகளைச் சுத்தமாகவும் பழுதில்லாமலும் வைத்திருப்பது, பதிவேடு எழுதுவது ஆகியவை உங்களுடையவை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபியைப் படிப்பும் பதிவும் தேவைப்படும் தொழிலாக வகைப்படுத்தியிருக்கிறது. சான்றிதழ் படிப்போ டிப்ளமோவோ முடித்து உதவியாளராகச் சேர்ந்தவர் தன்னைப் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கோடு நடைமுறையில் கலைவது நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்வியில்தான். “தம்பி, கரண்ட் வச்சா கால் வந்துடுமாப்பா?” என்று ஓர் அம்மா கேட்பார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். “வந்துடும்மா” என்று சொல்லிவிட்டால், வராதபோது அந்தக் குடும்பம் பிசியோதெரபிஸ்டையும் நம்பாது, பயிற்சியையும் விட்டுவிடும். “வராது” என்று சொல்வதற்கும் உங்களுக்கு இடமில்லை. “மேடம் வந்ததும் கேளுங்கம்மா, நானும் கூட இருக்கேன். இப்ப இந்தப் பாதத்தை மேலே தூக்க முடியுதான்னு பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். கேள்வியைத் தட்டிக் கழித்த மாதிரியும் இருக்காது, பொய் சொன்ன மாதிரியும் இருக்காது. சொன்னபடி மேடத்திடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும்.

“டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டுக்கு வந்து பண்ணிவிடுங்க” என்று கேட்பவர்களும் உண்டு. பணமும் தருவார்கள். பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வை இல்லாமல் போகாதீர்கள். மருத்துவமனையில் ஏதாவது நேர்ந்தால் கூப்பிடும் தூரத்தில் டாக்டர் இருக்கிறார். வீட்டுக் கட்டிலில் நோயாளிக்கு மூச்சு முட்டினால் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வார்டில் கையில் திணிக்கப்படும் ஐம்பது, நூறு ரூபாயையும் அன்போடு மறுத்துவிடுங்கள். கொடுக்க முடியாத நோயாளி பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்.

காலையில் முதல் வேலை

சிகிச்சை அறையில் மெழுகுத் தொட்டியும் ஒத்தடப் பைகள் ஊறும் வெந்நீர்த் தொட்டியும் சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் வந்ததும் அவற்றைப் போட்டுவிட வேண்டும். மெழுகு உருகி 52 முதல் 54 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். ஒத்தடப் பையின் தண்ணீர் 70 டிகிரிக்கு மேல் இருக்கும். தொட்டியில் சூடு காட்டும் முள் இருந்தாலும் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், முள் பழுதாகிப் போவது உண்டு.

அடுத்து வாக்கர், ஊன்றுகோல், கக்கத்துக் கட்டைகளின் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பானதை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். ஈரம் துடைத்த மொசைக் தரையில் அது வழுக்கும். சக்கர நாற்காலியின் பிரேக்கையும், கால்வைக்கும் பலகை நன்றாக மடங்குகிறதா என்பதையும் பாருங்கள். மடக்காத பலகையின்மேல் நோயாளி ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கம் கவிழும்.

வார்டில் நோயாளியைத் தொடுமுன்

கேஸ் ஷீட்டில் என்ன அறுவை சிகிச்சை, எந்தப் பக்கம், எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதைப் பாருங்கள். பிறகு வார்டு சிஸ்டரிடம், “சிஸ்டர், பன்னிரண்டாம் கட்டில் தாத்தாவை உட்கார வைக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் காய்ச்சல் வந்ததும், காலையில் ரத்த அழுத்தம் இறங்கியதும் ஷீட்டில் ஏறுவதற்கு முன்பே சிஸ்டருக்குத் தெரியும்.

கையைக் கழுவுங்கள். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 வினாடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் இது வேண்டும். ஒரே நாளில் எலும்பு வார்டு, தீக்காய வார்டு, ஐ.சி.யூ. என்று சுற்றுபவர் உங்களைப் போல் யாரும் இல்லை, கிருமியும் உங்களோடு சுற்றும்.

உடம்பில் என்னென்ன குழாய்கள் இருக்கின்றன என்று தலையிலிருந்து கால்வரை ஒருமுறை எண்ணுங்கள். மூத்திரக் குழாயோடு தொங்கும் பை எப்போதும் நோயாளியின் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். அதை நோயாளியின் மடியில் வைத்துச் சக்கர நாற்காலியைத் தள்ளினால் பையிலுள்ளது திரும்ப உள்ளே போய்த் தொற்றாகும். மார்பில் குழாய் வைத்திருப்பவரின் பாட்டிலையும் மார்பு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது.

படுத்தவரை எழுப்புதல்

பல நாள் படுத்திருந்தவரைச் சட்டென்று நிற்க வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்குவார். முதலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழச் செய்யுங்கள். கட்டில் ஓரத்தில் பாதங்கள் தரையில் படும்படி சில நிமிடம் உட்காரட்டும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுங்கள், முகத்தைப் பாருங்கள். பதில் சொல்வது தாமதமாகிறதா, உதடு வெளுக்கிறதா, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்புகிறதா? அப்படியானால் “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்ற பேச்சே வேண்டாம். படுக்க வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களிடம் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டைப் பிடித்து நிறுத்துவது அதைச் சுற்றியுள்ள தசைகள்தான். அவை துவண்டிருக்கும்போது கையை இழுத்தாலோ, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாலோ மூட்டு இறங்கிவிடும். அதன் பிறகு அந்தத் தோளில் வரும் வலி மாதக்கணக்கில் இருந்து, மற்றப் பயிற்சிகளையும் கெடுத்துவிடும். வீட்டார்தான் இதை அதிகம் செய்கிறார்கள், பாசத்தில். மகன் அப்பாவின் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்குவார். அவரைத் தடுக்க மட்டும் செய்தால் போதாது. இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடிக்கக் காட்டிக்கொடுங்கள். பெல்ட் இல்லாவிட்டால் வேட்டியை மடித்து இடுப்பில் இறுகக் கட்டிப் பிடிப்பதும் கையைப் பிடித்து இழுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நல்ல கைகால் இருக்கும் பக்கமாக நாற்காலியைப் போடுங்கள், பிரேக்கைப் போடுங்கள். நீங்கள் அவருக்கு முன்னால் நின்று, பலமில்லாத காலின் முட்டி மடங்காதபடி உங்கள் முட்டியால் அணை கொடுங்கள். “மூக்கு முட்டிக்கு நேரா வர்ற மாதிரி முன்னாடி சாயுங்கய்யா” என்று சொன்னால் எழுவது எளிதாகும். பின்னால் சாய்ந்தபடி எழ முயல்பவரை எவ்வளவு பலமிருந்தாலும் உங்களால் தூக்க முடியாது. உங்கள் முட்டிகள் மடங்கியிருக்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. எடை அதிகமானவர் என்றால் இன்னொருவர் வரும்வரை காத்திருங்கள். இந்தத் தொழிலில் இடுப்பு வலியோடு ஒதுங்கியவர்களில் பலர் “நானே தூக்கிடுவேன்” என்று சொன்னவர்கள். நடக்கும்போது பாதிக்கப்பட்ட பக்கமாக, சற்றுப் பின்தள்ளி நில்லுங்கள். அவர் சாய்வது அந்தப் பக்கம்தான்.

வாதம் வந்தவர்களில் சிலர் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்தவர்போல் இருப்பார்கள். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிடுவார்கள், இடது தோளை நிலைக்கதவில் இடித்துக்கொள்வார்கள். அது அலட்சியம் இல்லை, மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. நீங்கள் கவனித்துச் சொன்னால் பிசியோதெரபிஸ்ட் பயிற்சியை மாற்றுவார். சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். அதையும் நோயின் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். “தண்ணி குடுப்பா” என்று கேட்டால் சிஸ்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாதவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை நம் ஊர் மருத்துவமனைகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்கியவர்கள், இளம் வயது. சக்கர நாற்காலியில் உட்காரும் இவர்கள் கைகளை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கிக்கொள்ளவோ பக்கவாட்டில் சாயவோ அரைமணிக்கு ஒரு முறையாவது நினைவூட்ட வேண்டும். உணர்வில்லாத தோலில் படுக்கைப் புண் வலியில்லாமலே ஆழமாகிவிடும். மேல் முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர் திடீரென்று தலை வெடிக்கிறதென்று சொல்லி, முகம் சிவந்து வியர்த்தால் ஆபத்து. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், மூத்திரக் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், உடனே டாக்டரை வரவழையுங்கள்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களோடு வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவர், 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூர் பாகாயத்தில் அதற்கென ஒரு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். “இனி என்ன இருக்கு” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும் இருபத்தைந்து வயதுக்காரரிடம் பொய்யான நம்பிக்கை பேச வேண்டாம். இவரைப் பற்றிச் சொல்லலாம்.

எலும்பு முறிந்தவர்கள்

“பிளேட் வச்சிருக்கு” “ராடு வச்சிருக்கு” என்று நோயாளி சொல்வது உங்களுக்குப் போதாது. காலை ஊன்றவே கூடாதா, விரல் தரையில் படலாமா, பாதிப் பாரமா, முழுப் பாரமா என்பதைத் தெரிந்துகொண்டே கட்டிலைவிட்டு இறக்க வேண்டும். பாதிப் பாரம் என்றால் நோயாளிக்குப் புரியாது. எடை பார்க்கும் மிஷின் மேல் அந்தக் காலை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அனுமதித்த கிலோவை முள் தொடும்போது “இவ்வளவுதான், இதுக்கு மேல போகக் கூடாது” என்று காட்டினால் ஒரே முறையில் பிடித்துக்கொள்வார்.

கக்கத்துக் கட்டையின் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் கைப்பிடியில்தான் விழ வேண்டும். கக்கத்தில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அழுந்தி மணிக்கட்டு துவண்டு போகும். கை மரத்துப் போகிறது என்று நோயாளி சொன்னால் அதை அன்றே சொல்லிவிடுங்கள். ஒற்றை ஊன்றுகோல் என்றால் நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பதுதான் எல்லோருக்கும் இயல்பாக வரும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள காலும் கட்டையும் முதலில். நீங்கள் எப்போதும் கீழ்ப்படி இருக்கும் பக்கமாக நில்லுங்கள்.

முட்டி மாற்றிக்கொண்டவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு சுகமாகப் படுத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள், முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும். வேண்டுமானால் குதிகாலுக்குச் சற்று மேலே துண்டைச் சுருட்டி வைக்கலாம். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு அறுவை செய்த முறையைப் பொறுத்துக் கட்டுப்பாடுகள் மாறும். பொதுவாகச் சம்மணம், குந்தி உட்காருதல், கால்மேல் கால் போடுதல் மூன்றும் விலக்கப்படும்.

கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் தைலம் தேய்க்கவோ பிடித்துவிடவோ யாரையும் விடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே தெரியப்படுத்துங்கள்.

மூன்று பந்து

வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் அதைப் பலூன் ஊதுவதுபோல் ஊதுகிறார்கள். இளநீரை ஸ்ட்ராவில் குடிப்பதுபோல் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் என்று நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள், உங்களுக்கென்று தனிக் கருவி வைத்துக்கொண்டு. இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். ஒரு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். சளியின் நிறம் மாறினாலோ ரத்தம் தெரிந்தாலோ எறியுமுன் சிஸ்டரிடம் காட்டுங்கள்.

சூடும் கரண்டும்

சூட்டு சிகிச்சைக்கு முன் தோலில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்காமல் எதையும் வைக்கக் கூடாது. இரண்டு சோதனைக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து, நோயாளியைக் கண்மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தொட்டுக் கேட்க வேண்டும். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்கள், தொழுநோய் வந்து குணமானவர்கள், வாதம் வந்தவர்கள் “சூடு தெரியலையே, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தம்பி” என்பார்கள். தெரியாததுதான் ஆபத்து. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத் தொழுநோயாளிகளிடம் விளக்கிக் காட்டினார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் அழுத்தியும் சிதைகின்றன என்பது அவர் கண்டது.

ஒத்தடப் பைக்கும் தோலுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு இருக்க வேண்டும். வைத்து ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பு சரி. திட்டுத் திட்டாகச் சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் நிறுத்துங்கள். பையின்மேல் நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள், உடல் எடை துண்டை நசுக்கிச் சூட்டைக் கூட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடம்பில் உலோகம் இருக்கிறதா, கர்ப்பமா என்பதை ஒவ்வொரு புது நோயாளியிடமும் கேட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிட்டுத்தான் கரண்ட் மிஷின் பக்கம் அழைத்துப் போக வேண்டும். கூப்பிடும் மணியை அவர் கையில் கொடுங்கள். மணி இல்லையா, பக்கத்திலேயே இருங்கள்.

பெண் நோயாளியின் இடுப்பு, தொடை, தோள் பகுதிகளில் சிகிச்சை என்றால் திரை, மூடத் துணி, கூட ஒரு பெண் பணியாளர் மூன்றும் வேண்டும். எந்த இடத்தைத் தொடப்போகிறீர்கள் என்பதைத் தொடுமுன் சொல்லுங்கள். ஆண் நோயாளிக்கும் இதே மரியாதை உண்டு.

எழுதுவதும் சொல்வதும்

“நன்றாக நடந்தார்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “வாக்கருடன், ஒருவர் துணையோடு, 10 மீட்டர். வலது முட்டி இரண்டு முறை மடங்கியது. முடிந்ததும் மூச்சு வாங்கியது, 2 நிமிடத்தில் சரியானது” என்று எழுதுங்கள். இதை வைத்து நாளைக்கு என்ன செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்ட் முடிவெடுக்க முடியும். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “காலில் எறும்பு ஊருது” என்பதை “வலி” என்று மாற்றினால் நரம்புக் கோளாறின் அடையாளம் ஒன்று தொலைந்துபோகும். செய்யாத பயிற்சியைச் செய்ததாக ஒருநாளும் எழுதாதீர்கள். கூட்டத்தில் விட்டுப்போயிருந்தால் “நேரமின்மையால் செய்யவில்லை” என்றே எழுதலாம்.

விழுந்துவிட்டால் மறைக்கவே கூடாது. நோயாளி சாயும்போது முழு எடையையும் தாங்கப் பார்க்காமல் உங்கள் உடம்போடு சாய்த்து மெல்லத் தரையில் உட்கார வையுங்கள். உடனே தூக்கி நிறுத்தாமல் டாக்டர் பார்க்கும்வரை அப்படியே விடுங்கள். “ஒண்ணும் ஆகல சார், லேசா உக்காந்துட்டார்” என்று முடித்துவிட்டால் இடுப்பெலும்பில் விழுந்த விரிசல் கவனிக்கப்படாமலே போகலாம்.

வீட்டுக்குப் போகும் நாள்

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும், அதற்கு இரண்டு நாள் முன்பாகவே வீட்டைப் பற்றிக் கேளுங்கள். வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, பாயில் படுப்பவரா, பகலில் கூட யார் இருப்பார்கள் என்பவை எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது. குந்தும் கழிப்பறை மட்டும் இருக்கிறது என்றால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வேண்டும் என்று அப்போதே சொல்ல முடியும். பயிற்சிகளை நோயாளியோடு தங்கியிருப்பவருக்குச் செய்து காட்டி, பிறகு அவரையே செய்யச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டியதை நம்ப வேண்டாம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அடக்கம். பஸ் ஏறி வர முடியாத நோயாளி என்றால், அவர் ஊர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வருகிறது என்று கேட்டு, பிசியோதெரபிஸ்டிடம் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே பரிந்துரை எழுதி வாங்குங்கள். இதுவரை செய்த பயிற்சிகள், ஊன்றக்கூடிய பாரத்தின் அளவு, அடுத்து ஓ.பி.க்கு வர வேண்டிய தேதி ஆகிய மூன்றையும் தமிழில், பெரிய எழுத்தில், தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். பேரனோ பேத்தியோ படித்துச் சொல்லும்படி அந்த எழுத்து இருக்கட்டும்.